நெற்றிமேடு

உள்பக்கம் சாய்ந்திருக்கிறது என்றுதான் ஜெசிந்தாவுக்கு முதலில் பட்டது. வாய்விட்டுச் சொல்லவில்லை, சொல்வதற்கு அறையில் ஆளும் இல்லை. மைக்ராஸ்கோப்புக்குக் கீழே கண்ணாடி ஸ்லைடு, ஸ்லைடின் நடுவில் ஒரு பிசின் துளி, துளிக்குள் கடுகில் பாதி இருக்கிற ஓர் அசுவினி. இலைக்கு அடியில் கூட்டமாக ஒட்டிக்கொண்டு சாறு குடிக்கிற பூச்சி. காலையில் கரடிச்சோலை விவசாயி தங்கமாயன் இருமல் மருந்துக் குப்பியில் ஸ்பிரிட் ஊற்றி, இருபது பூச்சிகளைப் போட்டு, குப்பியைத் துண்டில் சுற்றிக் கொண்டுவந்தார். அவற்றில் நாலைக் காரநீரில் கொதிக்கவைத்து, உள்ளே இருந்த பச்சையெல்லாம் வடிந்து தோல் மட்டும் தெளிந்து நின்றதும், நல்லதாக ஒன்றை எடுத்து முதுகு மேலே தெரியும்படி கிடத்தி, உணர்கொம்புகள் இரண்டையும் ஊசிமுனையால் விரித்து மூடினாள். இருபத்திரண்டு வருஷமாகச் செய்கிற வேலை, தூக்கத்தில் எழுப்பிவிட்டாலும் செய்வாள். பார்க்கவேண்டியது ஒரே ஓர் இடம். உணர்கொம்புகள் முளைக்கிற அடியில், நெற்றியில், இரண்டு மேடுகள் இருக்கும். அந்த மேடுகளின் உள்பக்க விளிம்புகள் ஒன்றையொன்று பார்த்துச் சாய்ந்திருந்தால் அது பொல்லாத பூச்சி. இலைச்சுருள் நோயைச் செடிக்குச் செடி சுமந்துகொண்டு போகிறது. விதைக்கென்று உருளைக்கிழங்கு போட்ட தோட்டத்தில் அதைக் கண்டால் மறுநாளே தழையை அடியோடு அறுத்துவிடவேண்டும், நோய் தண்டு வழியாகக் கிழங்குக்கு இறங்குவதற்குள். விளிம்புகள் நேராக நின்றால் அது வேறு பூச்சி. மருந்தடித்தால் போதும், தழை நிற்கலாம், மண்ணுக்குள் கிழங்கு பருக்கலாம். சாய்வா, நேரா, அவ்வளவுதான். ஒரு மனுஷனுடைய ஒரு போகம் அந்த அகலத்தில் கிடக்கிறது, அந்த மனுஷன் வெளியே வராந்தா பெஞ்சில் உட்கார்ந்திருக்கிறார், நாலரை மணிக் கரடிச்சோலை பஸ்ஸுக்கு முன்னால் அவர் கைக்குத் தாள் போகவேண்டும். சுவர்க் கடிகாரத்தில் மணி மூன்று.

பேனாவை எடுத்தாள். அச்சடித்த தாளில் பெயர், ஊர், பயிரின் வயது எல்லாம் நிரப்பியாகிவிட்டது. நெற்றிமேடு என்ற கட்டத்தில் ஒரு சொல்தான் பாக்கி. எழுத வேண்டியதுதானே, ஏன் எழுதவில்லை? கை விறைத்திருக்கிறது, அதனால். ஜன்னலுக்கு வெளியே மூடுபனி யூக்கலிப்டஸ் மரங்களை ஒவ்வொன்றாக விழுங்கிக்கொண்டு வந்தது, தை மாசத்தில் மத்தியானச் சோறு செரிப்பதற்குள் மலை இருண்டுவிடும். ஆனால் போன வருஷம் இதைவிடக் குளிர், அப்போது கை எழுதத்தானே செய்தது. கை இல்லை, அந்தக் குழல். அசுவினியின் பின்பக்கத்தில் இரண்டு சின்னக் குழல்கள் நீட்டிக்கொண்டிருக்கும். இதில் வலது குழல் பழுதில்லாமல் இருந்தது, சீராகச் சிறுத்து, நுனியில் வரம்பு கட்டினாற்போல ஒரு விளிம்போடு. பொல்லாத பூச்சிக்கு அப்படி இராது, நுனிக்கு முன்னால் லேசாகப் புடைத்திருக்கும். குழல் ஒன்று சொல்கிறது, தலை ஒன்று சொல்கிறது. சொல்லட்டுமே. வருஷத்துக்கு வருஷம் பயிற்சிக்கு வருகிறவர்களிடம் அவள் சொல்வது என்ன? "வால் பொய் சொல்லும், தலை பொய் சொல்லாது." அதைச் சொல்லும்போது முகத்தில் ஒரு கர்வம் வந்து உட்கார்ந்துகொள்ளும், அது அவளுக்கே தெரியும். ஆபீஸில் அவளுக்குத் தலையெழுத்து மேடம் என்று பட்டப்பெயர். தலையைப் பார்த்து எழுதுகிறவள் என்று கேலி. கேலியிலும் ஒரு மரியாதை இருந்ததால் அவள் கோபித்துக்கொண்டதில்லை. கீழே பெரிய ஆபீஸிலிருந்துகூட சந்தேகம் வந்தால் ஸ்லைடு இங்கேதான் ஏறி வரும். ஜெசிந்தா பார்த்தாச்சா, அப்ப சரி. இப்படித்தான் பேச்சு. ஐப்பசியில் தங்கமாயனின் மேல்வயல் பூச்சி வந்தபோது இரண்டு குழலும் ஒடிந்திருந்தன, மலைப்பாதையில் குலுங்கி வந்ததில் ஒடிந்திருக்கும். வேறு சாட்சி இல்லாமல் தலையை மட்டும் பார்த்துச் சாய்வு என்று எழுதினாள். இன்று அவருடைய கீழ்வயல் பூச்சி குழல் ஒடியாமல் வந்திருக்கிறது. ஒடிந்திருக்கக்கூடாதா என்று நினைத்தாள், நினைத்தது தான்தானா என்று திடுக்கிட்டாள்.

வராந்தாவில் இருமல் கேட்டது. தங்கமாயன் இருமினால் இரண்டாக இருமுவார், பிறகு ஒரு மன்னிப்புக் கேட்கிற மாதிரித் தொண்டையைச் செருமுவார். அறுபது நாள் பயிர் அது, ஐப்பசியில். பூப்பிடிக்கிற நேரம், தழை இடுப்பளவு, பாத்தி தெரியாமல் மூடிக்கிடந்தது என்று அவரே சொன்னார். இவள் எழுதிய தாளைச் சட்டைப்பைக்குள் வைத்துக்கொண்டு போனவர், மறுநாள் விடிந்ததும் அரிவாளோடு இறங்கி, சாயங்காலத்துக்குள் ஒரு செடி விடாமல் அறுத்துப் போட்டார். தழை போனதும் கிழங்குக்கு வளர்ச்சி நின்றது, எலுமிச்சங்காய் அளவோடு நின்றதை என்ன செய்வது? தோண்டி எடுத்துக்கொண்டு நேரே இங்கே வந்தார். திட்ட வந்திருக்கிறார் என்று அவள் எழுந்து நின்றாள். அவர் துணிப்பையை மேஜைமேல் வைத்தார். "நீங்க மட்டும் சொல்லலேன்னா அந்த நோய்க் கிழங்கை விதைன்னு ஊரு பூராக் குடுத்துருப்பேன் மேடம். என் ஒரு வயலோட போச்சு. திங்கிறதுக்கு நல்லாருக்கும், மாவு மாவா இருக்கு, வேகவச்சுச் சாப்புடுங்க." சாப்பிட்டாள். தோலோடு வேகவைத்து, மிளகும் உப்பும் தூவி, மூன்று நாள் ராத்திரிச் சாப்பாடு அதுதான். ருசியாகத்தான் இருந்தது. நாக்கில் அந்த மாவு இப்போது ஒட்டுகிற மாதிரி இருக்க, தண்ணீர்ப் பாட்டிலைத் தேடினாள். கை பாட்டிலுக்கு அரை விரற்கடை தள்ளிப்போய் வெறும் மேஜையைத் தொட்டது. பாட்டில் பளபளப்பு, வெளிச்சம் குறைவு, யாருக்கும் நடக்கும். யாருக்கும் நடக்கும் என்று இந்த மூன்று மாசத்தில் எத்தனை தடவை சொல்லிக்கொண்டாள்? குவார்ட்டர்ஸ் குளியலறைச் சுவரில் ஓட்டுக்கு ஓடு போகிற கோடு நடுவில் கொஞ்சம் இடுப்பு ஒடித்து நின்றது. கொத்தனார் சரியில்லை. பக்கத்து வீட்டுக் கதவு நிலை உள்வாங்கியிருந்தது, மழையில் மரம் ஊறியிருக்கும். பஸ்ஸின் ஜன்னல் கம்பிகள்கூட. மலைப் பஸ் எது ஒழுங்காக இருக்கிறது? ஒவ்வொன்றுக்கும் ஒரு காரணம் தயாராக இருந்தது, காரணம் கண்டுபிடிப்பதில் அவளுக்குப் பஞ்சமே இல்லை.

அம்மாவும் இப்படித்தான் காரணம் சொன்னாள். ஊசியில் நூல் கோர்க்க முடியாமல் நூல் மட்டம் என்றாள், அரிசியில் கல் இருந்தபோது கடைக்காரனை வைதாள். ஒருநாள் கோயிலில் பூசை முடிந்து வெளியே வரும்போது எதிரே நின்ற ஜெசிந்தாவிடமே, "ஏம்மா, எம்மக ஜெசிந்தாவைப் பாத்தீங்களா?" என்று கேட்டாள். சுற்றி நின்றவர்கள் சிரித்தார்கள், அம்மாவும் சேர்ந்து சிரித்தாள், வீட்டுக்கு வந்து அடுப்படியில் உட்கார்ந்து ஒரு பாட்டம் அழுதாள். "உங்காது தெரியுது, முடி தெரியுது, தோள்ல கெடக்குற சீலை தெரியுது. மூஞ்சி இருக்குற எடத்துல யாரோ விரல வச்சுத் தேச்சுவிட்ட மாதிரி இருக்குடி." டாக்டர் விழித்திரையின் நடுப்பகுதி கெட்டுவிட்டது என்றார். ஓரம் இருக்கும், நடு போய்விடும். நேர்க்கோடு வளைந்து தெரிவதுதான் ஆரம்பம், அப்போதே வந்திருந்தால் ஏதாவது செய்திருக்கலாம் என்றார். அதற்குப் பிறகு பதினோரு வருஷம் அம்மா யாரைப் பார்த்தாலும் முகத்தைக் கொஞ்சம் பக்கவாட்டில் திருப்பிக்கொண்டு, கண்ணின் ஓரத்தால்தான் பார்த்தாள். தெரியாதவர்கள் அந்தம்மாவுக்குத் திமிர் என்றார்கள். சோற்றை உருட்டிக் கையில் கொடுத்து, படியில் கைபிடித்து இறக்கி, எல்லாம் செய்ய அம்மாவுக்கு ஒரு ஜெசிந்தா இருந்தாள். ஜெசிந்தாவுக்கு யார் இருக்கிறார்கள்? கல்யாணம் வேண்டாம் என்று இருந்ததற்கு அவள் ஒருநாளும் வருத்தப்பட்டதில்லை, இந்த ஒரு கணக்கில்தான் உதைக்கிறது. நாற்பத்தொன்பது வயசு. இடது கண் பிறந்ததிலிருந்தே சோம்பேறி, வெளிச்சம் இருட்டு பார்க்கும், எழுத்துக்கு வராது. இருபத்திரண்டு வருஷமும் இந்த வலது கண் ஒற்றை மாடாக நின்று இழுத்தது. அது படுத்துவிட்டால்? தலையெழுத்து மேடம் தலையைப் பார்க்காமல் என்ன செய்வாள், ஃபைல் கட்டுவாளா? ஃபைல் கட்டவும் கண் வேண்டும். மறுபடி மைக்ராஸ்கோப்பில் குனிந்தாள். சாய்ந்திருக்கிறது, நிச்சயம் சாய்ந்திருக்கிறது, இரண்டு மேடும் ரகசியம் பேசுகிற இரண்டு பேர் மாதிரி. ஸ்லைடைக் கொஞ்சம் நகர்த்தி மேடுகளை வட்டத்தின் நடுவிலிருந்து ஓரத்துக்குக் கொண்டுபோனாள். கண்ணும் கூடவே போனது, சாய்வும் போனது. கண் போகிற இடமெல்லாம் சாய்வும் வருகிறது. இதை அவள் நினைக்க விரும்பவில்லை, நினைத்துவிட்டாள்.

சாய்வு பூச்சியிலா, கண்ணிலா என்று தெரிந்துகொள்ள ஒரு நிமிஷம் போதும், அதுதான் கொடுமை. மேஜையின் மூன்றாவது இழுப்பறையில், டிஷ்யூ தாளில் சுற்றி, அந்த ஸ்கேல் ஐபீஸ் கிடக்கிறது. மைக்ராஸ்கோப்பில் கண் வைக்கிற வில்லைதான், உள்ளே கண்ணாடியில் ஒரு நேர்க்கோடு பொறித்து அதில் அளவு குறித்திருக்கும். பூச்சியின் நீளம் அளக்க அதைத்தான் எப்போதும் மாட்டியிருப்பாள். ஒருநாள் பார்த்தால் கோடு நடுவில் வளைந்து தெரிந்தது. வில்லையில் கோளாறு என்று உடனே கழற்றினாள், ஸ்டோரைப் பார்த்துக்கொள்கிற ரஃபீக்கைக் கூப்பிட்டுச் சத்தம் போட்டாள், இப்படிக் கோணல் சாமானை வாங்கி வைத்தால் எப்படி வேலை பார்ப்பது என்று. ரஃபீக் அதைக் கண்ணில் வைத்துப் பார்த்தார், துடைத்துப் பார்த்தார், ஜன்னல் பக்கம் தூக்கிப் பார்த்தார். "கோடு நேராத்தானே மேடம் இருக்கு?" என்றார். அவள் விடவில்லை. அவர் போகிற போக்கில் ஆடத் தெரியாதவ கூடம் கோணல்னாளாம் என்று முணுமுணுத்தது அவள் காதில் விழுந்தது, ஒரு வாரம் அவரோடு பேசவில்லை. மாற்று வில்லை கேட்டுக் கடிதம் எழுதினாள், கோடு இல்லாத வெறும் ஐபீஸை மாட்டிக்கொண்டாள். கோடு இல்லாவிட்டால் வளைவதற்கு ஒன்றுமில்லை. அன்றிலிருந்து எல்லாம் சுகமாகத்தான் போயிற்று. என்றைக்கு அது? ஐப்பசிக்கு முன்னாலா, பின்னாலா? பின்னால்தான் இருக்கவேண்டும், பின்னால் என்றால் தங்கமாயனின் மேல்வயலைப் பார்த்தது நல்ல கண். கார்த்திகையாக இருக்கலாம், மழை பெய்துகொண்டிருந்தது. ஐப்பசியிலும் மழைதான். மாதாவே, கார்த்திகையாக இருக்கட்டும் என்று வேண்டிக்கொண்டே இழுப்பறையைத் திறந்தாள். பொட்டலத்தின்மேல் அவளுடைய கையெழுத்து, எதை எடுத்து வைத்தாலும் தேதி போடுகிற அவளுடைய பாழாய்ப்போன ஒழுங்கு. எழுத்து நெளிந்து தெரிந்தது, தாளைச் சாய்த்துப் பிடித்துப் படித்தாள். அக்டோபர் ஒன்பது. தங்கமாயனின் ரிப்போர்ட் அக்டோபர் பதினேழு, அந்தத் தேதியைப் பார்க்க ரெஜிஸ்டர் வேண்டியதில்லை. எட்டு நாள். எட்டு நாளுக்கு முன்பே வளைந்த கோட்டைப் பார்த்தாயிற்று, பார்த்துத் தாளில் சுற்றி மூடி வைத்தாயிற்று. தெரியாமல் நடந்துவிட்டது என்று சொல்லிக்கொள்ளக்கூட அவள் தனக்கு வழி வைக்கவில்லை. வெறும் ஐபீஸைக் கழற்றினாள், ஸ்கேல் ஐபீஸை மாட்டினாள், குனிந்தாள். கோடு இடதிலிருந்து நேராக வந்தது, நடுவில் கிள்ளிவிட்டாற்போல ஒடுங்கி வளைந்தது, பிறகு ஒன்றும் நடக்காததுபோல நேராகப் போனது. ஐபீஸை விரலால் திருப்பினாள். கோடு திரும்பியது, கிள்ளல் மட்டும் நின்ற இடத்திலேயே நின்றது. கண்ணாடியில் பொறித்த கோடு வளையாது. வராந்தாவில் இருமல் இரண்டு தடவை கேட்டது, செருமல் கேட்டது. நேர் என்று எழுதிக் கொடுத்துவிட்டால் என்ன? குழல் சொல்கிறதே. அவர் கும்பிட்டுவிட்டுப் போவார், கீழ்வயல் பிழைக்கும், மேல்வயல் என்றோ முடிந்த கதை, அந்த ஸ்லைடை யார் எடுத்துப் பார்க்கப்போகிறார்கள்? ஒருத்தரும் பார்க்கமாட்டார்கள். மனசு எவ்வளவு வேகமாக ஓடுகிறது, பூச்சி இலைக்கு அடியில் ஓடுகிற மாதிரி. நாளைக்கு அடுத்த குப்பி வரும். அதற்கு என்ன எழுதுவாள், அதற்கு அடுத்ததற்கு? நாற்காலியைத் தள்ளிக்கொண்டு எழுந்தாள், பெட்டியிலிருந்து ஐப்பசி ஸ்லைடை எடுத்தாள், ஸ்டோர் பக்கம் பார்த்து, "ரஃபீக், கொஞ்சம் வாங்களேன்" என்றாள். தன் குரல் பணிந்து வந்தது அவளுக்கே புதிதாக இருந்தது.

ரஃபீக் கையைப் பேண்ட்டில் துடைத்துக்கொண்டே வந்தார், இன்னொரு வசவுக்குத் தயாராக வந்த மாதிரி. உட்காரச் சொன்னாள், அவர் உட்காரவில்லை. "இதுல ரெண்டு கொம்பு தெரியுதா? கொம்பு அடியில ரெண்டு மேடு. அந்த மேடுகளோட உள்பக்கத்தை மட்டும் பாருங்க. எப்படி இருக்குன்னு எங்கிட்டச் சொல்லவேண்டாம், பென்சில்ல வரைங்க." முதலில் இன்றைய ஸ்லைடு, பிறகு ஐப்பசி ஸ்லைடு, எது எந்த வயல் என்று அவள் சொல்லவில்லை. அவர் வெகுநேரம் பார்த்தார், நாக்கைக் கடித்துக்கொண்டு சின்னப்பிள்ளை மாதிரி வரைந்தார். அவள் ஜன்னலைப் பார்த்து நின்றுகொண்டாள், வெளியே ஒரு மரமும் மிச்சமில்லை. "முடிஞ்சுது மேடம். ஏன் மேடம், ஒரே பூச்சியவா ரெண்டு தடவை வரையச் சொன்னீங்க?" தாளை வாங்கினாள். பெரிதாக, கெட்டியாக வரைந்திருந்தார். இரண்டு படத்திலும் மேடுகள் வீட்டு வாசலில் கேட்டுக்குக் கட்டிய தூண்கள் மாதிரி எதிரெதிரே நின்றன. ஒன்றின் பக்கம் ஒன்று சாயவில்லை என்பது அவர் சொல்லாமலே தெரிந்தது, இருந்தாலும் விரலை வைத்துக் கோட்டின்மேல் ஓட்டிப் பார்த்தாள். விரலுக்கு எல்லாம் நேராகத்தான் இருந்தது. "அந்த ஐபீஸ் நல்லாத்தான் இருக்கு ரஃபீக். எங்கண்ணுதான்" என்றாள். அவர் வாயைத் திறந்தார், பழமொழி எதுவும் வரவில்லை. "டாக்டர்ட்ட காட்டுனீங்களா மேடம்?" என்று கேட்டார். அந்த ஒரு வார்த்தையில் அவளுக்குக் கண் கலங்கிவிட்டது.

தங்கமாயன் பெஞ்சிலிருந்து எழுந்து நின்றார், குல்லாயைக் கழற்றிக் கையில் வைத்துக்கொண்டார். "அறுக்கணுமா மேடம்? அறுக்கணும்னா சொல்லிருங்க, அரிவாளைத் தீட்டித்தான் வச்சுட்டு வந்துருக்கேன்." "அறுக்கவேண்டாம்ணே" என்றாள். "ஸ்லைடைக் கீழே பெரிய ஆபீஸுக்கு அனுப்புறேன், நாலு நாள்ல பதில் வரும், அதுவரைக்கும் தழையில கை வைக்காதீங்க." அவர் முகம் மலர்ந்திருக்கவேண்டும், அவள் பேச்சை நிறுத்தவில்லை, நிறுத்தினால் சொல்ல வராது. "இன்னொண்ணு. ஐப்பசியில உங்க மேல்வயலுக்கு நான் எழுதுனது தப்பு. அதுவும் இதே பூச்சிதான் போல. எங்கண்ணு அப்பவே கெட்டுருக்கு, எனக்குத் தெரியாதுன்னு சொல்லமுடியாது, தெரிஞ்சும் மூடி வச்சுட்டேன். அறுத்துருக்க வேண்டாம்ணே." மூடுபனி வராந்தாவுக்குள்ளேயே வந்திருந்தது. அவருடைய காதுகள் தெரிந்தன, கழுத்து மஃப்ளர் தெரிந்தது, நடுவில் மூக்கும் வாயும் ஒன்றோடொன்று இழுபட்டுக் கலங்கிக் கிடந்தன. கோபப்படுகிறாரா, அழுகிறாரா? ஒன்றும் தெரியவில்லை. அவள் முகத்தைப் பக்கவாட்டில் திருப்பினாள், அம்மா திருப்புகிற மாதிரி, அதே கோணத்தில், கண்ணின் ஓரத்தால் பார்த்தாள். அவர் அவளைப் பார்க்கவில்லை, கையிலிருந்த குல்லாயைப் பார்த்துக்கொண்டிருந்தார்.

"அறுக்குற அன்னிக்கு எம்பொண்டாட்டி வரப்புல நின்னு சொன்னா" என்றார். "தழை நல்லாத்தானே இருக்கு, சுருளலையே, ரெண்டு நாள் பொறுங்களேன்னு சொன்னா. படிச்சவங்கள விட நீ கண்டியாடின்னு நாலு பேரு முன்னால கேட்டுட்டேன். அதுக்கப்புறம் அவ வயலுக்கே வரல. இந்த வயலுக்கும் வரல." கடைத்தெருப் பக்கம் பஸ் ஹாரன் அடித்தது. மன்னிச்சுக்கங்கண்ணே என்று சொல்ல அவள் வாயெடுத்தாள், அவர் கையை அசைத்துத் தடுத்துவிட்டார். "எங்கிட்டச் சொன்னது சரி. இதை அவகிட்டயும் நீங்களே வந்து சொல்லணும் மேடம். நான் போய்ச் சொன்னா நம்பமாட்டா, நானா இட்டுக்கட்டிச் சொல்றேம்பா."

ஜெசிந்தா உள்ளே போய்ப் பையை எடுத்தாள். ரஃபீக்கிடம் இரண்டு ஸ்லைடையும் படங்களோடு சேர்த்துப் பொதியச் சொன்னாள், அந்த ஸ்கேல் ஐபீஸைக் கழற்றாமல் மாட்டியே வைக்கச் சொன்னாள், மதுரைக் கண்ணாஸ்பத்திரிக்குப் போக நாளைக்கு லீவு என்றாள். தங்கமாயன் முன்னால் நடந்தார், மேடு பள்ளம் வந்த இடத்திலெல்லாம் நின்று நின்று நடந்தார். கரடிச்சோலை பஸ் உறுமிக்கொண்டு நின்றது. ஏறுகிற படியின் விளிம்பு நடுவில் குழிந்து வளைந்து தெரிந்தது. கம்பியைப் பிடித்துக்கொண்டு காலை வைத்தாள். படி நேராகத்தான் இருந்தது.